தொண்டை அடைப்பான் வந்த மழைக்காலம்

மாடுகளுக்கு வரும் தொண்டை அடைப்பான் நோய்க்குப் போடும் தடுப்பூசி மருந்து எண்ணெயில் கலந்து வருகிறது. வெயில் ஊர்களில் அது சுலபமாக இறங்கும் என்கிறார்கள். எங்கள் தேயிலை மலைப் பக்கத்துக் குளிரில் இறுகிப்போய்விடும். ஊசிக்குழாயை அழுத்தி அழுத்தி, மத்தியானத்துக்குள் என் வலது கட்டைவிரல் மரத்துவிடும். அப்புறம் உள்ளங்கையால் தள்ளுவேன். ராத்திரி சோறு பிசையும்போதுதான் விரல் வலிக்கத் தொடங்கும்.

நான் மிருக வைத்தியர் ஒபிஸில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை பார்க்கிறேன். வீடு டிக்கோயாவில். ஒபிஸ் வாகனம் கிடைக்காத நாட்களில் மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவேன். "இந்தக் குளிருல ஐஸ் பெட்டி எதுக்கு மிஸ்?" என்று கண்டக்டர்மார் கேட்பார்கள். சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும் என்று ஆரம்பத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது சிரித்துவிட்டுப் போகிறேன். எஞ்சின் பக்கத்தில் சீட் காலியாக இருந்தாலும் உட்காருவதில்லை. பெட்டியைக் காலுக்கிடையில் வைத்து நின்றுகொண்டே போவேன்.

நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிற ரோட்டில் மூடிக்கிடந்த தேயிலை பெக்டரி ஒன்று இருந்தது. ஹட்டன் டவுனில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து மாட்டுப்பட்டி ஆக்கியிருந்தார். கீழே வறண்ட ஊர்களில் மெலிந்த காளைகளை வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வருவார். சில மாதம் புல்லும் தவிடும் புண்ணாக்கும் போட்டுச் சதை பிடித்ததும் அறுப்புக்குப் போகும்.

என் அண்ணன் அந்தப் பட்டியில்தான் வேலை பார்த்தார். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அங்கே போனதில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பலருக்கு முகச்சுளிப்பு. அவர் கோயில் கமிட்டியிலும் இருந்தார். "மாட்டைக் கும்புடுற கையாலயே அறுப்புக்கும் அனுப்பிவிடுறாரு" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அண்ணன் அடுத்த கூட்டத்தில் தானாகவே கமிட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அண்ணனுக்கு மாடு என்றால் உயிர். மழையில் கொழுந்து மூட்டை சுமப்பதைவிட மாட்டோடு நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

என்னையும் கேட்டவர்கள் உண்டு. "அறுக்கப் போற மாட்டுக்கு ஊசி எதுக்கும்மா?" என்று லயத்துப் பெரியவர் ஒருவர் பஸ்ஸில் எல்லார் முன்னாலும் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தொண்டை வீங்கி, நாக்கு வெளியே தள்ளி, மூச்சுக்குத் திணறிச் சாகும் மாட்டை அவர் பார்த்ததில்லை. நான் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் பஸ்ஸில் எப்படிச் சொல்வது?

அந்த வருஷம் மழை தொடங்கியதோடு ஒரு லொறி வந்தது. மறுநாள் காலையில் முதலாளி போன் எடுத்தார்.

"தங்கச்சி, புது மாடு வந்தீக்குது. ரெண்டு மூணு இருமுது. டொக்டரையும் கூட்டிக்கிட்டு வந்து எல்லாத்துக்கும் ஊசியப் போட்டுட்டுப் போங்க."

எங்கள் டொக்டர் சிங்களப் பெண், என்னைவிட வயதில் இளையவர். என்னை "அக்கே" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும், எனக்குச் சிங்களம் ஓரளவு வரும். இரண்டையும் கலந்து பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

பெக்டரியின் கீழ்த்தளத்தில் புது மாடுகள் நின்றன. வெயிலில் வளர்ந்த உடம்புகள். மெல்லிய தோலுக்குக் கீழே விலா எலும்புகள் எண்ணும்படி தெரிந்தன. லொறியில் நெருக்கி நின்று, தண்ணீர் குடிக்காமல், மலையேறி வந்து, இறங்கிய இடத்தில் கொட்டுகிற மழை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. அண்ணன் தவிட்டுச் சாக்குகளைப் பிரித்து அவற்றின் முதுகில் போட்டிருந்தார். சாக்குகள் நழுவி விழ விழ மறுபடியும் எடுத்துப் போட்டார்.

டொக்டர் ஒவ்வொரு மாடாகக் காய்ச்சல் பார்த்தார். சிலவற்றுக்கு நல்ல காய்ச்சல். மூக்கிலிருந்து சளி நூலாக வடிந்தது. அவற்றை வேறாகக் கட்டச் சொல்லி, மருந்து ஊசி போட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சிங்களத்தில் சொன்னார்:

"தடுப்பூசி இன்னைக்கு பழைய மாடுகளுக்கு மட்டும் அக்கே. காய்ச்சல் மாட்டுக்கு இப்ப போட்டு வேலை இல்ல. புதுசுல நல்லா இருக்கிறதும் கொஞ்ச நாள் களைப்பாறட்டும். தின்னட்டும், தண்ணி குடிக்கட்டும். அதுக்குப் பிறகு போடுவோம்."

முதலாளிக்கு என்னைவிட நல்ல சிங்களம். டொக்டர் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நான் தமிழில் வேறு மாதிரி சொல்வேன் என்று எதிர்பார்த்தோ என்னவோ, என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, ஊசி நோயத் தடுக்கத்தானே? அப்ப நோய் வந்த மாட்டுக்குத்தானே முதல்ல போடணும்?"

"ஊசி போட்டு உடம்புல பலம் ஏற ரெண்டு மூணு வாரம் புடிக்கும் முதலாளி. நோய் ஏற்கனவே உள்ள போயிருந்தா அது அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதுங்க."

"காய்ச்சல் இல்லாம நிக்கிறதுக்காவது ஒண்ணப் போட்டுட்டா என்ன?"

"இன்னைக்குப் போட்டு நாளைக்கு செத்துச்சுன்னா, ஊசியாலதான் செத்துச்சுன்னு சொல்லுவீங்க."

"நான் செல்ல மாட்டேன்." 'சொல்ல' என்பது அவர் வாயில் 'செல்ல' என்றுதான் வரும்.

"மத்தவங்க சொல்லுவாங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். "சரி, டொக்டர் செல்ற மாதிரி செய்ங்க" என்றார்.

பழைய மாடுகள், மலைச்சரிவிலிருந்து நேராக நுழையக்கூடிய மேல்தளத்தில் இருந்தன. தண்ணீர்க் குழாய்களை வெல்டிங் பண்ணி, ஒரு மாடு மட்டும் நுழையும்படி ஒடுக்கமான பாதை செய்திருந்தார்கள். அதன் முனையில் அண்ணன் நின்று, மாட்டின் கழுத்தைச் சட்டத்தில் மாட்டிப் பிடிப்பார். நான் கழுத்துத் தசையில் ஊசியை இறக்குவேன். அண்ணன் ஒவ்வொரு மாட்டிடமும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். "இந்தா முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சுடா." மாடு துள்ளும்போது குழாய்கள் அதிரும். ஒரு காளை பின்னங்காலைத் தூக்கி உதைத்ததில் ஊசிக்குழாய் என் கையிலிருந்து பறந்து சாணத்தில் விழுந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று எடுத்தேன். தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. கையால் சைகை காட்டித்தான் வேலை நடந்தது.

மத்தியானம் தாண்டிய நேரத்தில் கீழே இருந்து முதலாளி கூப்பிட்டார். வேறாகக் கட்டியிருந்தவற்றில் செவலைக் காளை ஒன்று படுத்துவிட்டது. காலையில் சாதாரணமாக இருந்த அதன் தொண்டை இப்போது தாடையிலிருந்து நெஞ்சு வரை வீங்கியிருந்தது. கண்கள் சிவந்து பிதுங்கின. ஒவ்வொரு மூச்சும் மரம் அறுக்கிற சத்தத்தோடு வந்தது. டொக்டர் இன்னொரு மருந்து போட்டார். போடும்போதே தலையை ஆட்டினார்.

அண்ணன் அதன் தலையைத் தூக்கித் தன் தொடையில் வைத்துக்கொண்டார், மூச்சுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. வாயிலிருந்து வந்த நுரை அவர் கட்டியிருந்த சாரமெல்லாம் ஒழுகியது. நாங்கள் சுற்றி நின்றோம். செய்ய வேறொன்றும் இல்லை. காளை கால்களை நீட்டி ஒரு தரம் உதறியது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் அதன் தலையை மெல்லக் கீழே இறக்கி வைத்தார்.

"ஊசி போடலயே இதுக்கு?" என்று முதலாளி கேட்டார். போடவில்லை என்று அவருக்கே தெரியும்.

"போடலிங்க" என்றேன்.

ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். பெக்டரிக்குப் பின்னால், தண்ணீர் ஓடாத மேட்டில் ஆட்கள் வெட்டத் தொடங்கினார்கள். மழையில் வெட்ட வெட்டக் குழி நிறைந்தது. அந்த நேரத்தில் வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது. யார் சொல்லி வந்தார்களோ தெரியாது. இறங்கியவன் முதலாளியை ஒதுக்கமாகக் கூப்பிட்டுப் பேசினான். செத்த மாட்டைத் தான் கொண்டுபோய்விடுவதாகச் சொல்கிறான் என்று எங்களுக்கு விளங்கியது.

முதலாளி அன்றைக்கு முதல் தடவையாகச் சத்தம் போட்டார்.

"செத்தத விக்கிறவன்னு நெனச்சியா என்னய? அது எனக்கு ஹராம்டா. உனக்கும் அது ஆகாது, தின்றவனுக்கும் ஆகாது. வேனத் திருப்பு!"

வேன் போன பிறகு அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிப் பக்கம் போனார். கூலிக்கு ஆள் வைத்திருக்கிறவர், தானே சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். சுண்ணாம்பு ஈரத்தில் கொதித்துப் புகைந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே நின்றார். அடுத்த சில நாட்களில் அதே மேட்டில் இன்னும் குழிகள் வெட்ட வேண்டியிருந்தது. காய்ச்சல் கண்டவற்றில் சில மருந்தில் தேறின, சில தேறவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்த நோய் வழக்கமாக இல்லை என்பதால் லயத்து மாடுகளுக்கு அந்த ஊசி போடுவதில்லை. இப்போது பட்டியைச் சுற்றியுள்ள லயங்களில் எல்லா மாட்டுக்கும் போட வேண்டும் என்று டொக்டர் முடிவெடுத்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக ஏறினேன். தோட்டத்தில் ஆட்கள் கொழுந்துக்குப் போய்விடுவதால், அவர்கள் மத்தியானம் திரும்பும் நேரம் பார்த்துப் போக வேண்டும். பலர் மாட்டைப் பிடித்துத் தந்தார்கள். சிலர் பால் குறைந்துவிடும் என்று மறுத்தார்கள். மறுத்தவர்களில் என் மதினியும் ஒருத்தர்.

மதினி கொழுந்து எடுப்பவர். லயத்துக்குப் பின்னால் சிறிய கொட்டில் கட்டி ஒரு பசு வைத்திருந்தார். விடிகாலையில் பால் கறந்து சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போவார். பசு அப்போது சினையாக இருந்தது.

"வேணாம்" என்றார் மதினி.

"மதினி, அண்ணன் அந்த மாடுங்களோட நின்னுட்டு நேரா இங்கதான் வாராரு. இந்தப் பசுவுக்குத்தான் முதல்ல போடணும்."

"ஊசியப் போட்டு கன்னு கலைஞ்சிருச்சுன்னா? நீ போட்டுட்டுப் போயிருவ. இங்க இருந்து பாக்கப்போறது நான்தானே?"

"ஊசியால கலையாதுங்க மதினி."

"கலையாதுன்னு உங்க டொக்டர் வந்து சாமி மேல சத்தியம் பண்ணுவாங்களா?"

அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். வீட்டுக்குள்ளே மதினி சொன்னதற்கு மேல் அவர் பேசியதில்லை. நான் பட்டிக் காலணியை வீட்டுக்குப் போட்டு வர வேண்டாம், தவிட்டுச் சாக்கைக் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போனேன். அன்று பெட்டி மிகவும் கனத்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் அண்ணன் போன் எடுத்தார். குரலிலேயே தெரிந்தது.

"பசு நேத்து சாயங்காலத்துலேருந்து திங்கல. ஒடம்பு கொதிக்குது. நீ வாறியா?"

டொக்டர் அன்று திம்புள்ள பக்கம் வேறு வேலையாகப் போயிருந்தார். போனில் சொன்னேன். "தொண்டை வீங்கலன்னா இன்னும் நேரம் இருக்கு, அக்கே. மத்த மாடுகள கிட்ட விடாதீங்க. நான் நேரா வாரேன்" என்றார்.

நான் போனபோது மதினி வேலைக்குப் போகவில்லை. கொட்டிலில் பசுவின் பக்கத்தில் குந்தியிருந்தார். பசு தலையைத் தொங்கப் போட்டு நின்றது. காது இரண்டும் சுட்டன. மூக்கு காய்ந்திருந்தது. நான் தொண்டையைத் தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

மதினி என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நோயையும் நீங்கதான் கொண்டாந்தீங்க. ஊசியும் நீங்கதான் கொண்டாறீங்க."

"நீங்க" என்றது என்னையா, அண்ணனையா, பட்டியையா, ஒபிஸையா, கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? கொட்டிலின் மூலையில் இரண்டு தவிட்டுச் சாக்குகள் மடித்துக் கிடந்தன. அவற்றை எடுத்து வெளியே போட்டுக் கொளுத்தினேன். ஈரச் சாக்கு எரியாமல் புகைந்தது. அண்ணன் வந்து மண்ணெண்ணெய் ஊற்றினார். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

டொக்டர் வந்து சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டு, சேறு முழங்கால் வரை அப்பியபடி படியேறி வந்தார். பசுவைப் பார்த்து, மருந்து ஊசி போட்டார். இது அதே நோயாகத்தான் இருக்கும் என்றார். சாக்கில் வந்ததா, காலணியில் வந்ததா, காற்றில் வந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மதினியிடம் அவருக்குத் தெரிந்த தமிழில் பேசினார்: "பயப்பட வேணாம் அக்கா. பசு நல்லா வரும். கன்னுக்குட்டி... அது சொல்ல ஏலாது."

மதினி உள்ளே போய் டொக்டருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

தொடர்ந்து டொக்டர் வந்து வந்து மருந்து போட்டார். பசு தேறியது. மெல்ல மெல்லப் புல்லை மோந்து, பிறகு தின்னத் தொடங்கியது. ஆனால் கன்று நாள் நிறைவதற்கு முன்பே செத்துப் பிறந்தது. காய்ச்சல் சூட்டில் அப்படி ஆவதுண்டு. அண்ணன்தான் அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார். பெண் கன்று என்று மதினி எனக்குப் போனில் சொன்னார். உடனே போனை வைத்துவிட்டார்.

லயத்தில் கதை வேறு மாதிரி போனது. டொக்டர் போட்ட ஊசியால்தான் கன்று கலைந்தது என்றார்கள். தடுப்பூசிக்கும் மருந்து ஊசிக்கும் அவர்களுக்கு வித்தியாசம் இல்லை, ஊசி ஊசிதான். இன்னொரு பக்கம், ஊசி போட்ட மாடுகளில் ஒன்றுக்கும் நோய் வரவில்லை என்பதையும் பார்த்திருந்தார்கள். அதனால் ஒரே நாளில் இரண்டும் நடந்தது. காலையில் தண்ணீர்ப் பைப்புக்குப் பக்கத்தில் என்னைத் திட்டிய ஒரு பெண், மத்தியானம் தன் மாட்டைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்து, "இதுக்கும் ஒண்ணப் போட்டு விடு" என்று நின்றாள். நான் போட்டேன்.

பட்டியில் மிஞ்சிய புது மாடுகள் களைப்பாறி, தின்று, கொஞ்சம் தேறிய பிறகு அவற்றுக்கும் தடுப்பூசி போட்டோம். அதற்குப் பின் அங்கே அந்த நோயில் ஒரு மாடும் சாகவில்லை. முதலாளி வாசலில் காலை நனைத்துவிட்டு உள்ளே வரக் குளோரின் தண்ணீர்த் தொட்டி கட்டினார். லொறியில் வரும் மாடுகளை நேராக மற்றவற்றோடு சேர்க்காமல், முதலில் வேறு கொட்டிலில் நிறுத்தத் தொடங்கினார். மழைக்காலத்தில் புது மாடு இறக்குவதில்லை என்றும் முடிவெடுத்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

சில மாதம் கழித்து, ஒரு காலையில் நான் அங்கே போயிருந்தபோது அந்தக் காளைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடுங்கிக்கொண்டு வந்திறங்கியவையா இவை என்று இருந்தது. தோல் மினுங்கியது. முதுகு அகன்றிருந்தது. சிலவற்றின் கழுத்தில் ஊசி போட்ட இடம் இன்னும் சின்னக் கட்டியாகத் தெரிந்தது. அண்ணன் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினார். எல்லாவற்றிடமும் ஏதோ பேசினார். லொறி கிளம்பியதும் உள்ளே போய்த் தரையைக் கழுவத் தொடங்கினார். நானும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட நின்று கழுவினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதி தந்தார்.

வேலைக்குப் போகாதே என்று மதினி அவரிடம் சொல்லவில்லை. பெக்டரியிலேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டார். குளிர் தண்ணீரில் அண்ணன் அதைத் தவறாமல் செய்தார்.

பசு மறுபடியும் சினைப்பட்டது. அந்தச் சமயத்தில் டொக்டரும் நானும் லயத்துக்குத் தடுப்பூசி போடப் போனோம். மதினி வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் எனக்கு இருந்தது. இன்னொரு தரம் அந்த வாசலில் நின்று பேச எனக்குத் தெம்பில்லை. மதினியே கொட்டிலிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வா. இதுக்கும் போடணும்."

நான் பெட்டியைக் கீழே வைத்து மருந்துக் குப்பியை எடுத்தேன்.

"நீ போடாத," என்றார் மதினி. "டொக்டர் போடட்டும். ஏதாச்சும் ஆனா உன் கையால ஆச்சுன்னு இருக்க வேணாம்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் ஊசியை அவரிடம் கொடுத்துவிட்டு, போய்ப் பசுவின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.